உதிரப்பட்டி

என்னங்க,

நம் வீட்டுக்கு எதிரில், மளிகைக் கடை இருந்த இடத்தில், வண்டி கழுவும் கடை ஒன்று வந்துவிட்டது. காலையிலேயே கம்ப்ரஸரைப் போட்டுவிடுகிறார்கள். அந்தச் சத்தம் தொடங்கியதும் எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்துகிறேன். கடைக்காரர் நல்ல மனிதர். நேற்று வாசலில் நின்று, "சிஸ்டரம்மா, ரொம்பத் தொந்தரவா கீதா? வேணும்னா மெஷின அந்தாண்ட தள்ளி வச்சிக்கிறேன்" என்று கேட்டார். சத்தமெல்லாம் ஒன்றுமில்லை, தூசிக்காகச் சாத்துகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவர் அடிப்பது வெறும் தண்ணீர், அதில் தூசி ஏது. அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு ஒரு கோயில் சுவர் ஞாபகத்துக்கு வருகிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

நீங்கள் போய் இந்தப் பங்குனியோடு ஒரு வருஷம் முடிந்தது. உங்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று என்னிடம் இருக்கிறது. பாதி ஆயுளைக் கொடுத்து நீங்கள் காத்துக்கிடந்த செய்தி. நீங்கள் இருந்தவரைக்கும் வரவில்லை, போன பிறகு வந்தது. அதை நினைத்தால் எனக்கு அழுகை வருவதில்லை, கோபம்தான் வருகிறது. அந்தக் கோபத்தைக் காட்ட எனக்கு வேறு யார் இருக்கிறார்கள், அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். அவசரப்படாதீர்கள், முதலிலிருந்தே வருகிறேன்.

உங்களை நான் முதன்முதலில் பார்த்தபோது உங்கள் முகமே தெரியவில்லை. பிரம்மதேசம் பக்கம் எங்கோ பாழடைந்த மண்டபத்தில் கல்வெட்டுப் படிக்கப் போய், கதண்டுக் குளவி கொட்டி, கண்ணும் கன்னமும் ஒன்றாக வீங்கி, நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தீர்கள். ஊசி போட்டபடியே, அந்தப் பாழில் உங்களுக்கு என்ன வேலை என்று அதட்டினேன். "கடைசி ரெண்டு வரி பாக்கி கீதுங்க சிஸ்டர். வீக்கம் வடிஞ்சதும் போவணும்" என்றீர்கள். பைத்தியம் என்று நினைத்தேன். கட்டிக்கொண்ட பிறகு அது உறுதியாயிற்று. கடைசிவரைக்கும், கேலி பண்ண வேண்டுமென்றால் என்னைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டீர்கள்.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், ரயில் நிற்காத ஊர் உங்களுடையது. ஒரு பக்கம் ஊர், ஒரு பக்கம் காலனி, இடையில் ஏரி. உங்கள் அப்பா அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டைச் செடி பிடுங்கி, கடலை ஆய்ந்து கூலி வாங்கியவர். அரசு விடுதியில் தங்கிப் படித்து, அந்தத் தெருவிலிருந்து முதலில் கல்லூரிக்குப் போனவர் நீங்கள். பிறகு விழுப்புரத்தில் கல்லூரி வேலை, அதன் பிறகு பல்கலைக்கழகம். புத்தகங்கள் எழுதினீர்கள். இந்தப் பக்கத்து ஏரிகளைப் பற்றி எவன் எழுதினாலும் அடிக்குறிப்பில் உங்கள் பெயரைப் போடாமல் தப்ப முடியாது. உங்கள் ஊர்க் கோயிலுக்குள் உங்கள் அப்பா காலை வைத்ததில்லை. நீங்கள் வைத்தீர்கள், சுவரைப் படிப்பதற்காக. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள் நான், சாமி கும்பிடாதவர் நீங்கள். ஆனாலும் நம் இரண்டு பேரில் அதிகம் கோயிலுக்குப் போனது நீங்கள்தான்.

வகுப்பில் முதல் நாளே பிள்ளைகளை மடக்குவீர்களாம். "ராஜா எத்தினி யானை வச்சிருந்தான்றது எனக்கு வேணாம். உங்க ஊரு ஏரிக்கு எத்தினி மதகு? ஏரி ஒடைஞ்சா யாரு போயி அடைச்சாங்க? அதக் கேட்டுக்கினு வா." பாதிப் பிள்ளைகள் சிரிக்கும், மீதி மறுநாள் பதிலோடு வரும். உங்கள் மாணவி செல்வி சொல்லி எனக்குத் தெரியும். செல்வி பதிலோடு வந்தவள்.

உங்கள் ஊர்க் கோயில் சுவரின் அடிப்பகுதியில் ஒரு கல்வெட்டு இருந்தது. வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்து அடித்து எழுத்தெல்லாம் மூடிப்போயிருந்தது. போட்டோ எடுத்தால் வெள்ளைதான் தெரியும். நீங்கள் விரலால் படித்தீர்கள். பிரகாரம் சுற்றுகிறவர் மாதிரி சுற்றி, அந்த மூலைக்கு வந்ததும் குனிந்து, ஒரு கையால் காலைச் சொறிவதுபோல் சுவரைத் தடவுவீர்கள். ஒரு தடவைக்கு நாலைந்து எழுத்து. வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்வீர்கள். அப்படிச் சேர்க்கவே உங்களுக்கு வருஷங்கள் ஆயின.

சேர்ந்து வந்தபோது அதில் இருந்தது இதுதான். பெருமழையில் அந்த ஊர் ஏரி உடைந்திருக்கிறது. சேரியைச் சேர்ந்த ஒருவன் உடைப்பில் இறங்கி நின்று, கரை அடைபட்டபோது மண்ணுக்குள் போய்விட்டான். ஊர்ச்சபை கூடி, அவன் பிள்ளைகளுக்கு நான்கெல்லை குறித்து, வரியில்லாமல் நிலம் கொடுத்தது. சிந்திய ரத்தத்துக்குக் கொடுக்கும் நிலம், அதற்குப் பெயர் உதிரப்பட்டி. சந்திரனும் சூரியனும் உள்ளவரைக்கும் அது அவர்களுடையது. இதை முதலில் என்னிடம் சொன்னபோது நீங்கள் கேப்பைக் களியைப் பிசைந்துகொண்டிருந்தீர்கள். பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது. "எங்கப்பன் காலமெல்லாம் குனிஞ்சி வேல செஞ்சது அந்த நெலத்துலதான்னு நெனைக்கிறேன்" என்றீர்கள்.

அந்தச் செத்தவனின் பெயர் மட்டும் கிடைக்கவில்லை. பெயர் வரும் கடைசி வரி தரைக்குக் கீழே போய்விட்டது. யாரோ புண்ணியவான் பிரகாரத்துக்குச் சிமெண்டுத் தரை போட்டுக் கொடுத்து, சுவரின் கடைசிக் கல்வரிசையை மூடிவிட்டார்.

அச்சில் போட்டுவிடுங்கள் என்று நான் எத்தனையோ முறை சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை. உங்களுக்கு ஒரு விதி இருந்தது. கல்லைச் சுத்தம் செய்து, ஈரத்தாளை வைத்து பிரஷ்ஷால் அடித்து, மை ஒற்றி எடுத்த படி இல்லாமல் ஒரு கல்வெட்டையும் அச்சுக்கு அனுப்பக் கூடாது. கண்ணால் படித்தேன், விரலால் படித்தேன் என்பதெல்லாம் சான்று ஆகாது. செல்வியின் ஆய்வேட்டில் நல்லதொரு அத்தியாயம், அவள் ஊர்க் கோயிலைப் பற்றியது. படி இல்லை என்று சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டுத் தள்ளிவிட்டீர்கள். அந்தப் பெண் நம் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். காபி போட்டுக் கொடுத்துவிட்டு உங்களோடு சண்டைக்கு வந்தேன். அன்றைக்குத்தான் காரணத்தைச் சொன்னீர்கள்.

"ஒரு கருத்தரங்குல எல்லார் எதிர்லயும் ஒருத்தர் சொன்னாரு, இவரு எந்தக் கல்லத் தொட்டாலும் அவுங்க தெரு ஆளுங்கதான் வருவாங்கன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. மத்தவன் தப்புப் பண்ணா அவன் தப்பு. நானோ அந்தப் பொண்ணோ தப்புப் பண்ணா, எங்க தெருவே பொய் சொல்லுதுன்னு ஆயிடும். எங்களுக்குப் படி வேணும், சிஸ்டர்."

உங்கள் விதி எனக்குப் பிடிக்காவிட்டாலும் அது எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிட்டது.

படி எடுக்க வேண்டுமானால் சுண்ணாம்பைச் சுரண்ட வேண்டும், சிமெண்டைப் பெயர்க்க வேண்டும். அதற்குக் கோயில் கமிட்டியின் அனுமதி வேண்டும். எத்தனை மனு கொடுத்தீர்கள். யாரும் ஒருநாளும் முடியாது என்று சொல்லவில்லை. ஆடி கழியட்டும் என்பார்கள், தை பிறக்கட்டும் என்பார்கள், சாமி சுவரில் மை படலாமா என்று ஜோசியரைக் கேட்க வேண்டும் என்பார்கள். மை கல்லில் படாது, தாளில்தான் படும் என்று நீங்கள் ஒவ்வொரு தடவையும் பொறுமையாக விளக்குவீர்கள். நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். நீங்கள் பேராசிரியர் ஆனதும் கோயில் விழாவுக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். மாலை போட்டார்கள், மேடையில் இரண்டாவது நாற்காலி தந்தார்கள். அனுமதி மட்டும் தரவில்லை. வீட்டுக்கு வந்து அந்தச் சால்வையை மடித்து பீரோவில் வைத்தீர்கள். நான் அதை எடுத்து வண்டி துடைக்கப் போட்டேன். என் குணம் உங்களுக்குத் தெரியாததா?

நீங்கள் ஓய்வு பெற்ற பிறகு கோயிலில் திருப்பணி தொடங்கியது. ஒருநாள் காலை கமிட்டித் தலைவர் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தீர்கள், நானும் கேட்டேன். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"சார், சுண்ணாம்ப எடுக்கணும் எடுக்கணும்னு கேட்டுக்கினே இருந்தீங்க இல்ல. எடுத்தாச்சு சார். மெஷின் வச்சி மணல் அடிச்சி, செவுரு பளிச்சுன்னு புதுசாட்டம் ஆயிடுச்சு. வந்து பாருங்க. உங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன்."

உங்கள் முகத்தை நான் பார்த்தேன். அந்த மனிதருக்கு நல்லது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தீர்கள். ஆட்டோ பிடித்துப் போனோம். வாசலிலேயே கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது, முகத்தில் துணி கட்டிய ஆட்கள் மறுபக்கச் சுவருக்குக் குழாயைப் பிடித்திருந்தார்கள். நம் மூலையைக் காலையிலேயே முடித்துவிட்டார்கள். சுண்ணாம்பும் இல்லை, எழுத்தும் இல்லை. அம்மிக்கல்லைப் புதிதாகக் கொத்தி வைத்ததுபோல் கல் வெளுத்திருந்தது. நீங்கள் இந்தத் தடவை யாருக்கும் ஒளிக்காமல், சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தடவினீர்கள். கமிட்டித் தலைவர் பக்கத்தில் வந்து நின்று, "எப்படி சார் கீது?" என்று கேட்டார். அவர் வஞ்சகமாகக் கேட்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

ஆட்டோவில் திரும்பும்போது நீங்கள் சொன்னது ஒன்றே ஒன்று. "நாந்தான கேட்டேன்."

செல்வி அன்று சாயங்காலமே ஓடிவந்தாள். இப்போது அவளும் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறாள். "சார், நீங்க விரலால படிச்சத அப்படியே அச்சுல போட்ருங்க. உங்க பேருக்கு ஒரு மதிப்பு கீது. யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள்.

"உன் அத்தியாயத்துல நான் கோடு போட்டேனே, செல்வி."

"அது போவட்டும் சார். அத நான் எப்பவோ மறந்துட்டேன்."

"நான் மறக்கலம்மா. அன்னைக்கி உனக்கு ஒரு சட்டம், இன்னைக்கி எனக்கு ஒரு சட்டமா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் உங்களைப் பார்த்தேன். உங்களை உலுக்க வேண்டும்போல் இருந்தது எனக்கு. ஊரையே ஏமாற்றிப் பிழைக்கிறவன் எல்லாம் மேடை ஏறிப் பேசுகிறான், உண்மை தெரிந்த நீங்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். நீங்கள் எழுந்து போய், தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் சுவிட்சைப் போட்டீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. காலில் வீக்கம் வந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. நர்ஸாக இருந்தவளுக்கு அது ஒரு தண்டனை, மற்ற வீட்டில் எல்லாம் கடைசிவரைக்கும் நம்பிக்கை இருக்கும். புதுச்சேரிக்கு டயாலிசிஸுக்குப் போய் வந்தோம். ஊசி குத்திக் குத்தி உங்கள் கை முழுக்கக் கன்றிப்போனது. விரல் நுனிகள் மரத்துப்போயின என்றீர்கள். டம்ளர் சுடுகிறதா இல்லையா என்று என்னைக் கேட்பீர்கள். கடைசி வாரம் நினைவு வந்து வந்து போனது. நடுவில் ஒருமுறை தெளிவாக, "அவன் பேரு இன்னாவா இருக்கும்?" என்று கேட்டீர்கள். யார் பேர் என்று நான் கேட்கவில்லை. தெரியலைங்க என்றேன். தலையை ஆட்டினீர்கள். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது.

இனி செய்திக்கு வருகிறேன்.

உங்கள் காரியம் எல்லாம் முடிந்து, மழைக்காலத்துக்கு முன்னால், செல்வி போன் செய்தாள். கோயில் பிரகாரத்துக்கு கிரானைட் போடப் போகிறார்களாம், பழைய சிமெண்டுத் தரையை உடைக்கிறார்களாம். "அம்மா, ஜல்தி வாங்க. அந்த மூலைய நாளைக்கி ஒடைச்சிடுவாங்க" என்றாள். நீங்கள் வைத்துவிட்டுப் போன தாள், பிரஷ், மை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனேன். உங்களுக்கு எத்தனை கோயிலில் தாள் பிடித்துக் கொடுத்தவள் நான். கைக்குப் பழக்கம் இருந்தது.

சிமெண்டைப் பெயர்த்து, மண்ணைத் தள்ளி, தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். கடைசி வரி இருந்தது. மணல் படவில்லை, சுண்ணாம்பு படவில்லை, நேற்று வெட்டியதுபோல் ஒவ்வொரு எழுத்தும் நின்றது. அனுமதி கேட்கலாம் என்று செல்வி கமிட்டித் தலைவரிடம் போனாள். "எடுத்துக்குங்கம்மா, இதுல இன்னா கீது. ஒரு வரிதான?" என்று கையை வீசிவிட்டார். இத்தனை வருஷ மனுவுக்கு அதுதான் பதில். நான் தாளை நனைத்து ஒட்டினேன், செல்வி அடித்தாள், இரண்டு பேரும் மை ஒற்றினோம். அவள்தான் படித்தாள்.

அவன் பெயர் ஏறன். சாத்தன் மகன் ஏறன்.

பெயருக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் இருந்தது. எல்லாக் கல்வெட்டின் முடிவிலும் வருமே, இதைக் காப்பவன் பாதம் என் தலை மேலே என்று, அந்த வாசகம். அதில் 'இதை' என்று இருக்கிறது. இது எது என்று சொல்லும் வரிகள் எல்லாம் மேலே, வெளுத்த கல்லில், இல்லாமல் போய்விட்டன. நீங்கள் வைத்திருந்தது பெயர் இல்லாத ஒரு சாவு. எங்களுக்குக் கிடைத்தது வெறும் பெயர்.

செல்வி கட்டுரை எழுதினாள். எனக்கு அனுப்பினாள். அதில் இருப்பது இவ்வளவுதான்: ஒருவர் பெயரும், தருமம் காப்பது பற்றிய முடிவு வாசகமும் காணப்படுகின்றன, கல்வெட்டின் ஏனைய பகுதி சிதைந்துவிட்டதால் செய்தி அறியக்கூடவில்லை. நான் போன் செய்து திட்டினேன். உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, ஏன் மறைத்தாய் என்றேன். அவள் அழுதுகொண்டே, "சார் இருந்தா இப்படித்தான் போடச் சொல்லியிருப்பாரும்மா. படி கீற வரிக்கு மட்டும்தான நான் கையெழுத்துப் போட முடியும்" என்றாள். அவள் சொல்வது சரிதான். நீங்கள் அவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. நான் வரலாறு படித்தவள் இல்லை, உங்கள் சட்டம் என்னைக் கட்டாது. போன ஞாயிறு சர்ச் முடிந்ததும் நேரே உங்கள் காலனிக்குப் போனேன். உங்கள் சித்தப்பா மகள் அஞ்சலை வீட்டு வாசலில் பெண்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் சொன்னேன். ஏரி உடைந்தது, ஏறன் இறங்கியது, மண்ணுக்குள் போனது, ஊர் கூடி நிலம் கொடுத்தது. சோறு போடும்போதும் துணி மடிக்கும்போதும் நீங்கள் சொல்லிச் சொல்லி எனக்கு வரி பிசகாமல் பாடம் ஆகியிருந்தது. யாரும் படி எங்கே என்று கேட்கவில்லை. ஒரு கிழவி மட்டும், "பாவம், அவன் பொண்டாட்டி புள்ளைங்க இன்னா பண்ணுச்சோ" என்றாள்.

அஞ்சலைதான் கேட்டாள். "அண்ணி, அந்த நெலம் எங்க கீது?"

நான்கெல்லையும் சொன்னேன். கிழக்கே பெருவழி, தெற்கே மதகு வாய்க்கால், மேற்கே ஏரிக்கரை, வடக்கே பனந்தோப்பு. சொல்லிக்கொண்டே கையை நீட்டிக் காட்டினேன். பெருவழிதான் இப்போதைய நெடுஞ்சாலை. வாய்க்கால் இருந்த இடத்தில் பாலம் இருக்கிறது. நடுவில் இருப்பது அந்தப் பெரிய கல்யாண மண்டபம்.

அஞ்சலை என் கை போன திசையைப் பார்த்தாள்.

"அங்கத்தான் அண்ணி நான் பாத்திரம் கழுவப் போறேன். நாளைக்கிகூட ஒரு முகூர்த்தம் கீது."

அவள் கோபமாகச் சொல்லவில்லை, வழி கேட்டவருக்கு அடையாளம் சொல்வதுபோல் சொன்னாள். மற்ற பெண்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். இவ்வளவு தெரிந்தவளுக்கு இதற்கு மேலும் ஏதாவது தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பார்கள். கல்வெட்டு முழுவதும் எனக்கு மனப்பாடம், அவன் பெயரும் இப்போது அதில் சேர்ந்துவிட்டது. அதற்கு அடுத்து என்ன சொல்வது என்று நீங்கள் எனக்குச் சொல்லவே இல்லை.